வாசித்தவர் யார்? சோல், ஃபங்க் பாட்டுகளும் பின்னணிக் கதைகளும்

கீழ்ஸ்தாயி:

இந்த இழைக்கு ஒரே விதி. பிடித்த பழைய சோல் அல்லது ஃபங்க் (இரண்டும் அமெரிக்கக் கறுப்பர்களின் இசைவகைகள்) பாட்டு ஒன்றைச் சொல்லுங்கள். கூடவே அதில் வாசித்த யாரைப் பற்றியாவது ஒரு கதையும் சொல்லுங்கள். பாடகரைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி மார்க்தான். மார்வின் கேயையும் அரேதா ஃபிராங்க்ளினையும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்களின் பெயரை 1960களில் பல இசைத்தட்டு உறைகளில் போடக்கூட இல்லை.

முதல் போணி நான். டெம்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்', 1964, டெட்ராய்ட், மோட்டவுன் கம்பெனி. எழுதியவர்கள் ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் ஒயிட்டும். ஆனால் டேவிட் ரஃபின் வாய் திறக்கும் முன்பே நமக்குப் பாட்டு தெரிந்துவிடுகிறது. முதலில் பேஸ், அதாவது கீழ்ச் சத்தக் கிட்டார், மட்டும் தனியாக வரும். அது ஜேம்ஸ் ஜேமர்சன். அப்புறம் கீழிருந்து மேலே ஏறும் ஒரு கிட்டார். அது ராபர்ட் ஒயிட்.

மோட்டவுன் வாத்தியக்காரர்களைப் பற்றி 2002இல் வந்த ஆவணப்படத்தில் ஒரு கதை வரும். ராபர்ட் ஒயிட் பிற்காலத்தில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்பீக்கரில் இந்தப் பாட்டு வருகிறது. பரிமாற வந்தவரிடம் 'இது நான் வாசித்தது' என்று சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். வயசான ஆள் ஏதோ உளறுகிறார் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம். உலகம் முழுக்க முணுமுணுக்கும் ஓர் ஆரம்பத்தை வாசித்தவருக்கு அதைச் சொந்தம் கொண்டாடவே தயக்கம்.

நாலாம்தட்டு:

நல்ல இழை. அந்தக் கிட்டார் ஏறும் வரிசையைக் கவனித்தீர்களா? ச ரி க ப த ச. அப்பட்டமான மோகன ஆரோகணம். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறியதும் மத்தியமத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு அதே வரிசையில் மறுபடி ஏறுகிறார். ஒயிட் நம் ராகத்தைக் கேட்டு வாசித்தார் என்று கிளப்பிவிடப் போவதில்லை. ப்ளூஸிலும் சர்ச் பாட்டிலும் ஐந்து ஸ்வர வரிசைகள் ஊறிக் கிடக்கின்றன, அதிலிருந்து வந்தது. ஆனால் நம் காதில் உடனே ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கீழ்ஸ்தாயி:

அடுத்து யாராவது இளையராஜாவின் பேஸ் பற்றி ஆரம்பிப்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குத் தனி இழை பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே வாருங்கள். இங்கே அமெரிக்கா மட்டும்.

வைனில்வாசு:

சரி, டெட்ராய்ட்காரர்கள் கொஞ்சம் ஒதுங்குங்கள். மெம்ஃபிஸ் வருகிறது.

புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ், 'கிரீன் ஆனியன்ஸ்', 1962. பாட்டே இல்லை, வெறும் வாத்தியம். ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் அன்று பாட வேண்டிய ஒருவரின் வேலை நடக்காமல் போக, வாத்தியக்காரர்கள் நால்வரும் சும்மா ஒரு ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டாக்ஸ் முதலாளி ஜிம் ஸ்டூவர்ட் அதைப் பதிவு செய்துவிட்டார். நன்றாக வந்திருக்கிறது, தட்டாக வெளியிடலாம், ஆனால் மறுபக்கத்துக்கு ஒன்று வேண்டுமே? புக்கர் டி ஜோன்ஸ் தன் கைவசம் இருந்த ஓர் ஆர்கன் துணுக்கை எடுத்துவிட்டார். மறுபக்கத்தை நிரப்ப வாசித்த அதுதான் 'கிரீன் ஆனியன்ஸ்'. முன்பக்கத்தில் போட நினைத்த 'பிஹேவ் யுவர்செல்ஃப்' இப்போது யாருக்கு நினைவிருக்கிறது?

அப்போது புக்கர் டிக்கு வயது 17. அதற்கும் முன்னால், பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே டேவிட் போர்ட்டர் போய் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, ரூஃபஸ் தாமஸும் மகள் கார்லாவும் பாடிய ஒரு பாட்டுக்கு பாரிடோன் சாக்ஸ் (கீழ்ச்சுருதி சாக்ஸபோன்) வாசிக்க வைத்திருந்தார். 'கிரீன் ஆனியன்ஸ்' நாடு முழுக்க ஓடிய பிறகும் பையன் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டம் படிக்கப் போய்விட்டார். வார இறுதியில் மெம்ஃபிஸுக்கு வந்து வாசித்துவிட்டுத் திரும்புவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்டாக்ஸ் இருந்தது ஒரு பழைய சினிமா தியேட்டர், கிழக்கு மெக்லெமோர் அவென்யூ, 926ஆம் எண். தியேட்டர் தரை திரையை நோக்கிச் சரிந்திருக்குமே, அதைச் சமன் செய்யக் காசில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பதிவுகளின் தனிச் சத்தத்துக்கு அந்தச் சரிவும் ஒரு காரணம் என்பார்கள். மிட்டாய் விற்ற முன்பக்கத்தில் ஜிம்மின் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் ரெக்கார்டு கடை வைத்தார். ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதற்காகத் தன் வீட்டையே அடமானம் வைத்தவர் அந்த அம்மாதான். கிட்டார் வாசித்த ஸ்டீவ் கிராப்பர் அதே கடையில் வேலை பார்த்தவர். எந்தத் தட்டை ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்று முன்னால் பார்த்துவிட்டு, உள்ளே போய் வாசிப்பது. இதைவிடப் பெரிய சந்தை ஆராய்ச்சி எந்தக் கம்பெனிக்கு இருந்திருக்கும்?

மூன்றாம்வரிசை:

வாசு அண்ணே, எம்ஜிஸ் பற்றி முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். புக்கர் டியும் டிரம்ஸ் அல் ஜாக்சனும் கறுப்பர்கள். கிராப்பரும், 1960களின் நடுவில் பேஸுக்கு வந்து சேர்ந்த டக் டன்னும் வெள்ளையர்கள். நிறவெறி கொடிகட்டிப் பறந்த மெம்ஃபிஸில் இவர்கள் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடத் தோதான இடம் தேட வேண்டியிருந்த காலம் அது. அவர்கள் கூடிய இடங்களில் ஒன்று லொரெய்ன் மோட்டல். பாடகர் வில்சன் பிக்கெட்டும் கிராப்பரும் 'இன் தி மிட்நைட் ஹவர்' எழுதியது அங்கே. பாடகர் எடி ஃப்ளாய்டும் கிராப்பரும் 'நாக் ஆன் வுட்' எழுதியதும் அங்கேதான். வெளியே இடியும் மின்னலுமாக இருந்ததால்தான் பாட்டுக்குள் இடியும் மின்னலும் வந்தன. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது அதே மோட்டலின் பால்கனியில்.

வைனில்வாசு:

சொல்ல வந்தேன், நீ முந்திக்கொண்டாய் தம்பி. 'மிட்நைட் ஹவர்' பதிவில் இன்னொரு கதை. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லருக்குத் தாளம் பிடிக்கவில்லை. வாயால் சொல்லிப் பார்த்தார், யாருக்கும் புரியவில்லை. கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, அப்போது பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த 'ஜெர்க்' ஆட்டத்தை ஆடிக் காட்டினார். ஐம்பதை நெருங்கும் ஆள்! அழுத்தம் இரண்டாம், நான்காம் அடிகளில் விழ வேண்டும், அதுவும் ஒரு மயிரிழை தாமதமாக. அல் ஜாக்சனும் கிராப்பரும் பிடித்துக்கொண்டார்கள். அந்த மயிரிழைத் தாமதம் பிறகு ஸ்டாக்ஸின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

புதுவரவு:

வணக்கம். நான் இதற்கெல்லாம் புதுசு. நீங்கள் சொல்கிற பேஸ் எதுவும் எனக்குக் கேட்கவே இல்லையே? 'மை கேர்ள்' போட்டுப் பார்த்தேன், கிட்டார்தான் கேட்கிறது.

கீழ்ஸ்தாயி:

போன் ஸ்பீக்கரில் கேட்டீர்களா? அதில் கீழ்ச் சத்தம் வராது. சுமாரான ஹெட்போன் போதும். முதல் தடவை பாடகரை மறந்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடருங்கள். பழகுவதற்கு ஜேமர்சனின் வாசிப்பே நல்லது: ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்', ஃபோர் டாப்ஸின் 'பெர்னடெட்', இரண்டும் 1967. 'பெர்னடெட்' பாட்டில் கடைசியில் எல்லாம் நின்று ஒரு நொடி மௌனம் வரும். பாட்டு முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஜேமர்சன் வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்றைத்தான் பயன்படுத்துவார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயரே உண்டு. 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அழுக்கில்தான் ஃபங்க் இருக்கிறது என்பது அவர் கட்சி.

நாலாம்தட்டு:

'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டை அவர் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாசித்த கதையை யாராவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.

கீழ்ஸ்தாயி:

சொல்கிறேன். மார்வின் கே இந்தப் பாட்டுக்கு ஜேமர்சன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். தேடியபோது ஆள் ஓர் இரவு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தால், குடித்த குடிக்கு ஸ்டூலில் உட்கார முடியவில்லை. தரையில் படுத்துக்கொண்டு, வாத்திய அமைப்பு செய்த டேவிட் வான் டி பிட் எழுதிக் கொடுத்த ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசித்தார் என்பது கதை.

நாலாம்தட்டு:

எனக்கு இந்தக் கதையில் ஒரு வருத்தம் உண்டு. அந்தப் பாட்டின் பேஸை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். எங்கே அழுத்துவது, எங்கே அடக்குவது, எங்கே விட்டுவிடுவது எல்லாம் கணக்காக இருக்கிறது. அப்படி வாசித்தவரைப் பற்றிப் பேச வந்தால் நாம் சொல்வது குடியைப் பற்றி. போதையில் அற்புதம் செய்தார் என்றால் வேலைத்திறன் பின்னால் போய்விடுகிறது. அவர் முதலில் டபுள் பேஸ் வாசித்துப் பழகியவர், ஜாஸ் விடுதிகளில் தேறியவர். பகலெல்லாம் மோட்டவுன் ஸ்டுடியோ, இரவெல்லாம் விடுதி மேடை. அதைச் சொல்லலாமே.

மூன்றாம்வரிசை:

வழிமொழிகிறேன். அந்தப் பாட்டிலேயே வேறு நல்ல கதைகள் இருக்கின்றன. ஆரம்பத்தில் வரும் சாக்ஸபோன், ஈலை ஃபாண்டெய்ன் விரல் சூடேற்றிக்கொள்ள வாசித்துப் பார்த்தது. எடுத்துவிட்டோம், நீ வீட்டுக்குப் போகலாம் என்றார் மார்வின். சும்மா விளையாடிக்கொண்டிருந்தேன் என்றாராம் இவர். அந்த விளையாட்டு அருமையாக இருந்தது என்றாராம் அவர். அப்புறம், மார்வினின் குரலே இரண்டாகக் கேட்கிறதே, அதுவும் தற்செயல். இரண்டு டேக்கில் எது நல்லது என்று ஒப்பிட எடுத்துவைக்கச் சொன்னால், எஞ்சினியர் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டுவிட்டார். மார்வின் அதையே வைத்துக்கொண்டார்.

1971இல் வந்த அந்த ஆல்பத்தில்தான் மோட்டவுன் வாத்தியக்காரர்களின் பெயர்கள் முறையாக உறையில் அச்சாயின. கம்பெனி தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் கழித்து! அடுத்த வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸுக்கு மூட்டை கட்டியது. டெட்ராய்ட் வாத்தியக்காரர்களுக்கு அது தெரிந்தது ஸ்டுடியோ கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு ஜேமர்சன் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்வார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

தகதிமி:

டிரம்ஸ்காரன் நான். இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தேன்.

ஜேம்ஸ் பிரவுன், 'ஃபங்கி டிரம்மர்'. பதிவானது 1969 நவம்பர், சின்சினாட்டி. டிரம்ஸ் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். முழு நீளப் பதிவைக் கேளுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடிய பிறகு பிரவுன் மற்றவர்களிடம், டிரம்மருக்கு இடம் கொடுக்கப்போகிறோம் என்கிறார். டிரம்மரிடம், சோலோ எல்லாம் வேண்டாம், வாசிப்பதையே வாசி என்கிறார். எண்ணுகிறார், எல்லோரும் நிறுத்துகிறார்கள். எட்டு பார் (ஒரு பார் என்றால் நான்கு அடி கொண்ட ஒரு தாளச் சுற்று) தனி டிரம்ஸ். ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டில் தகதிமி தகதிமி என்று பதினாறும் ஓடுகிறது, நடுநடுவே சட்டென்று திறந்து மூடுகிறது. ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் இரண்டாம், நான்காம் அடிகள் பளிச்சென்று விழ, அவற்றுக்கு நடுவே முறத்தில் அரிசி கொழிப்பதுபோல் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்னச் சின்ன அடிகள். கோஸ்ட் நோட் என்பார்கள். அந்தப் பாட்டின் உயிரே அதுதான். அதை நீக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள், வெறும் கடிகாரம்.

இந்த எட்டு பாரை வெட்டி ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் வந்துவிட்டன. பப்ளிக் எனிமியின் 'ஃபைட் தி பவர்', எல்எல் கூல் ஜேயின் 'மாமா செட் நாக் யூ அவுட்' என்று ஹிப்-ஹாப்பின் பாதி இதன்மேல் நிற்கிறது. கிளைடுக்கு அதிலிருந்து ராயல்டி கிடையாது. பாட்டின் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில். இவருக்கு அன்றைய சம்பளம், அவ்வளவுதான். இத்தனைக்கும் தான் வாசித்ததிலேயே பிடித்தது இதுவல்ல என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2000ஆம் ஆண்டுவாக்கில் புற்றுநோய் வந்து மருத்துவச் செலவு தலைக்குமேல் போனபோது, சுமார் 90,000 டாலரைச் சத்தமில்லாமல் கட்டியவர் பிரின்ஸ். பிரின்ஸ் 2016இல் இறந்த பிறகுதான் கிளைட் இதை வெளியில் சொன்னார். அவரும் 2017இல் போய்விட்டார்.

பட்டுசாமி:

தகதிமி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஜேம்ஸ் பிரவுன் பக்கமும் ஒன்று சொல்கிறேன். அந்த டிரம்ஸ் தனியாக வர வேண்டும், மற்றவர்கள் நிறுத்த வேண்டும், சோலோ கூடாது என்று முடிவெடுத்தது யார்? பிரவுன். கிளைடை விட்டிருந்தால் அவர் உருட்டி உருட்டி ஒரு சோலோ வாசித்திருப்பார், அதை யாரும் வெட்டி எடுத்திருக்க முடியாது. இன்னொன்று, அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்களைப் பாட்டுக்குள்ளேயே பெயர் சொல்லி அழைத்தவர் அவர். மேசியோ, வா ஊது என்று அவர் கூப்பிட்டதால்தானே சாக்ஸபோன்காரர் மேசியோ பார்க்கரை நமக்குத் தெரியும்? 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் தன் குழுவின் பீ வீ எல்லிஸுக்கு எழுதியவர் என்ற பெயரும் கொடுத்தார்.

தகதிமி:

பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சரி. மேடையில் ஒரு ஸ்வரம் பிசகினால், ஷூவில் பாலிஷ் இல்லையென்றால் அபராதமும் போட்டார். ஆட்டத்தின் நடுவிலேயே கையை விரித்து விரித்துக் காட்டுவார். ஒவ்வொரு விரிப்புக்கும் ஐந்து டாலர். சபை அதையும் நடனம் என்று நினைத்துக் கைதட்டும்.

பட்டுசாமி:

அந்தக் கண்டிப்பு இல்லாமல் அந்த இறுக்கம் வருமா? நம் ஊர்க் கச்சேரி மேடையிலும் பக்கவாத்தியத்தை முறைத்த பெரிய வித்துவான்கள் உண்டே.

தகதிமி:

முறைத்தார்கள். சம்பளத்தில் பிடிக்கவில்லை.

நாலாம்தட்டு:

இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். சண்டை தனிமனிதரைப் பற்றியதாகப் போகிறது. சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. பாட்டு எழுதியவர் என்றால் மெட்டும் வரிகளும் தந்தவர். ரெக்கார்டிங்கின் சொந்தக்காரர் கம்பெனி. தாளக்கட்டு ஒன்றை உருவாக்கியவருக்கு இந்த இரண்டு கட்டத்திலும் இடமில்லை. ஃபங்க்கில் மெட்டு அரையடி, தாளம் ஆறடி. அந்த இசையின் சரக்கே தாளம்தான், ஆனால் சட்டம் மெட்டை மட்டும்தான் பாட்டு என்று பார்க்கிறது.

இதைவிடக் கொடுமை 'ஏமென் பிரேக்'. வின்ஸ்டன்ஸ் என்ற வாஷிங்டன் குழு, 1969, 'கலர் ஹிம் ஃபாதர்' தட்டின் மறுபக்கத்தில் 'ஏமென், பிரதர்'. நடுவில் கிரிகரி கோல்மன் நான்கு பார் தனியாக வாசிப்பார். ஆறு ஏழு வினாடிதான். அதை வேகமாக ஓட்டித்தான் இங்கிலாந்தில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று முழு இசைவகைகளே எழுந்தன. கோல்மன் 2006இல் வீடற்றவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் பிரிட்டனில் ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டி 24,000 பவுண்ட் கொடுத்தார்கள். அதுதான் அவருக்குக் கிடைத்தது.

பட்டுசாமி:

இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிரவுன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

மூன்றாம்வரிசை:

பிரவுன் என்றதும் பேஸ்காரர் பூட்ஸி காலின்ஸ் ஞாபகம் வருகிறது. 1970 மார்ச், ஜார்ஜியா மாநிலம் கொலம்பஸ். சம்பளம் கூட்டிக் கொடு, இல்லையென்றால் மேடையேறமாட்டோம் என்றது பிரவுனின் பழைய குழு. அவர் பேரம் பேசவில்லை. தன் விமானத்தைச் சின்சினாட்டிக்கு அனுப்பி, பூட்ஸியையும் அண்ணன் கேட்ஃபிஷையும் அவர்கள் கூட்டாளிகளையும் தூக்கிவரச் சொன்னார். பூட்ஸிக்கு 18 வயது. அரங்கில் ஜனம் பொறுமையிழந்து கத்திக்கொண்டிருக்கிறது. ஒத்திகை கிடையாது. பிரவுன் பாட்டுப் பெயரைச் சொல்வார், இவர்கள் ஆரம்பிக்க வேண்டும். வானொலியில் கேட்டுக் கேட்டு எல்லாப் பாட்டும் மனப்பாடம் என்பதால் தப்பித்தார்கள். சில வாரங்களில் அதே பையன்களோடு 'செக்ஸ் மெஷின்' பதிவாகிவிட்டது.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் பூட்ஸியை அறைக்குக் கூப்பிட்டு, நீ 'ஒன்'னில் இல்லை என்று தலையாட்டுவாராம் பிரவுன். 'ஒன்' என்றால் பாரின் முதல் அடி. நம் கணக்கில் சமம். இடையில் என்ன வேண்டுமானாலும் செய், சமத்தில் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும். நன்றாகத்தானே வாசித்தோம் என்று பையன் குழம்புவான். ஒரு வருஷத்துக்குள் விலகி ஜார்ஜ் கிளின்டனிடம் போனான். பாடம் மட்டும் கூடவே போனது. கிளின்டனின் பார்லமென்ட் குழுவின் பாட்டுகளில் அந்த முதலடி விழுவதைக் கேட்டால் தெரியும்.

புதுவரவு:

ஹெட்போன் வாங்கிவிட்டேன். பேஸ் கேட்கிறது! 'பெர்னடெட்' மௌனத்தில் நிஜமாகவே நிறுத்தப் போனேன். பாட்டில் ஓர் அம்மா பேஸ் வாசிப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் ஒன்று கேட்டேன், ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்று போட்டிருந்தது. அது யார்?

வைனில்வாசு:

தங்கமான காது உனக்கு. 'ஐ'ல் டேக் யூ தேர்', 1972. கூப்பிடுவது மேவிஸ் ஸ்டேபிள்ஸ், கூப்பிடப்படுபவர் டேவிட் ஹூட். பதிவானது அலபாமாவில் மசில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊர்ப்பக்கம். அங்கே 'ஸ்வாம்பர்ஸ்' என்று ஒரு வாத்தியக் கூட்டம். பாட்டைக் கேட்ட பாடகர் பால் சைமன் ஸ்டாக்ஸின் அல் பெல்லைக் கூப்பிட்டு, அந்தக் கறுப்பு வாத்தியக்காரர்கள் எனக்கு வேண்டும் என்றாராம். ஏற்பாடு செய்கிறேன், ஆனால் ஆட்கள் கொஞ்சம் வெளுப்பாக இருப்பார்கள் என்றாராம் பெல். ஸ்வாம்பர்ஸ் நால்வரும் வெள்ளையர்கள்.

இதே ஆட்களில் சிலர்தான் 1967 ஜனவரியில் அதே ஊரின் ஃபேம் ஸ்டுடியோவில் அரேதாவுக்கு வாசித்தது. 'ஐ நெவர் லவ்டு எ மேன்' எங்கே தொடங்குவது என்று பிடிபடாமல் எல்லோரும் தவித்தபோது, ஸ்பூனர் ஓல்ட்ஹாம் வுர்லிட்சர் மின்சாரப் பியானோவில் ஒரு சின்னத் துணுக்கைத் தட்டினார். மற்றது தானாக வந்தது. அன்றைக்கே அரேதாவின் கணவருக்கும் அங்கே வாசித்த ஒருவருக்கும் தகராறு முற்றி, பதிவு நின்று, அரேதா ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். அரைகுறையாக இருந்ததை முடிக்க வெக்ஸ்லர் அதே வாத்தியக்காரர்களை நியூயார்க்குக்கு வரவழைத்தார். 'ரெஸ்பெக்ட்' அங்கே பதிவானது, காதலர் தினத்தன்று. ஓட்டிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடியதில் 'R-E-S-P-E-C-T' என்ற எழுத்துக்கூட்டல் கிடையாது. அது அரேதா சகோதரிகளின் சரக்கு. அந்தப் பெண் என் பாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று மான்டரே இசைவிழா மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார் ஓட்டிஸ்.

கீழ்ஸ்தாயி:

ஓட்டிஸ் வந்துவிட்டதால் 'டாக் ஆஃப் தி பே'யையும் போட்டுவிடுகிறேன். 1967 நவம்பர் 22 அன்று பதிவு ஆரம்பம், டிசம்பர் முதல் வாரத்தில் மிச்ச வேலை. டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் அருகே மொனோனா ஏரியில் விமானம் விழுந்தது. ஓட்டிஸுக்கு வயது 26. கூட இருந்தவர்கள் பார்-கேஸ் குழுவினர், பெரும்பாலும் 18, 19 வயதுப் பையன்கள். பிழைத்தவர் டிரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர்தான். விமானத்தில் எல்லோருக்கும் இடமில்லாததால் பேஸ் வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் வேறு விமானத்தில் வந்தார். இவர்கள் இருவரும் பார்-கேஸை மறுபடி கட்டினார்கள். 1969இல் ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்டு சோல்' ஆல்பத்தில் வாசித்தது அந்தப் புதிய பார்-கேஸ்.

ஓட்டிஸ் போன துக்கத்திலேயே பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு கிராப்பருக்கு. அலைச் சத்தமும் கடற்பறவைச் சத்தமும் அவர் சேர்த்தவை. 1968 மார்ச்சில் முதலிடம். பாடகர் இறந்த பிறகு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் வந்த முதல் பாட்டு அது.

தகதிமி:

மனசு கனத்துவிட்டது. யாராவது பில் விதர்ஸ் போடுங்கள்.

மூன்றாம்வரிசை:

உத்தரவு. 'ஏய்ன்ட் நோ சன்ஷைன்', 1971. தயாரிப்பு புக்கர் டி, டிரம்ஸ் அல் ஜாக்சன், பேஸ் டக் டன், கிட்டார் ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். எம்ஜிஸ் மூன்று பேர் ஒரே பாட்டில், அதுவும் மெம்ஃபிஸில் இல்லாமல் லாஸ் ஏஞ்சலிஸில். விதர்ஸ் அப்போது விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆல்பத்தின் உறைப்படம் தொழிற்சாலைச் சுவர் முன்னால் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு எடுத்தது. 'ஐ நோ, ஐ நோ' என்று 26 தடவை வருகிறதே, அந்த இடத்துக்கு வரி எழுதலாம் என்றிருந்தார். அப்படியே விடு என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அனுபவம் கிடையாது, அவர்களுக்கு உண்டு, கேட்டுக்கொண்டேன் என்பார். தட்டு விற்றுத் தீர்ந்ததும் கம்பெனி அவருக்குப் பரிசாகத் தந்தது தங்க நிறக் கழிப்பறை இருக்கை.

பட்டுசாமி:

என் பங்குக்கு லாரி கிரஹாம். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் பேஸ்காரர். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் அம்மா பியானோ, மகன் கிட்டார் என்று சின்ன விடுதிகளில் வாசித்தார்கள். காலால் ஆர்கன் பெடலை மிதித்து பேஸும் அவரே பார்த்துக்கொண்டார். ஆர்கன் கெட்டுப்போனது. சரியாகும்வரை என்று ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். ஆர்கனைச் சரிசெய்யவே முடியவில்லை. அப்புறம் டிரம்மரும் போய்விட்டார். காலால் அடிக்கும் கிக் டிரம் இல்லாத குறைக்குக் கட்டைவிரலால் கம்பியை அடித்தார், ஸ்னேர் இல்லாத குறைக்கு இன்னொரு விரலால் சுண்டினார். இன்று ஸ்லாப் என்று எல்லோரும் வாசிப்பது அதுதான். அப்போது வானொலி அறிவிப்பாளராக இருந்த ஸ்லைக்கு, வந்து இந்தப் பையனைக் கேள் என்று ஒரு ரசிகை போன் மேல் போன் போட்டுக் கூட்டிவந்தார். அந்த அம்மாவுக்கு ஒரு சிலை வைக்கலாம். கேட்க வேண்டிய பாட்டு 'தேங்க் யூ', 1969 கடைசியில் வந்தது.

நாலாம்தட்டு:

பாடகரும் கிட்டார்காரருமான கர்டிஸ் மேஃபீல்டை விட்டுவிட்டோம். சிறுவயதில் பியானோவின் கறுப்புக் கட்டைகளில் விளையாடிப் பழகியவர், கிட்டார் கிடைத்ததும் கம்பிகளை அதே சுருதிக்கு முறுக்கிக்கொண்டார். கடைசிவரை அதே அமைப்பு. அவர் கிட்டாரை வேறு யாராவது வாங்கினால் ஒரு கார்டும் பிடிக்க முடியாது. 1990இல் புரூக்ளினில் மேடை விளக்குச் சட்டம் மேலே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 1996 ஆல்பத்தை மல்லாந்து படுத்தபடி, மூச்சு கிடைக்கும்போது ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்தார்.

வைனில்வாசு:

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். பெர்சி ஸ்லெட்ஜ், 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்', 1966. ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவர். அட்லாண்டிக் கம்பெனி கேட்டுவிட்டு, ஹார்ன் (ஊதுவாத்தியம்) சுருதி சேரவில்லை, திருப்பி வாசியுங்கள் என்றது. திருப்பி வாசித்து அனுப்பினார்கள். ஆனால் டேப் மாறி, சுருதி சேராததே வெளியாகி முதலிடத்துக்குப் போனது.

புதுவரவு:

இரண்டு தடவை கேட்டேன். எனக்குச் சுருதி விலகல் தெரியவே இல்லை.

தகதிமி:

கடைசி அரை நிமிஷம். அவர் குரலை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள்.

புதுவரவு:

ஐயோ.